கபிலனோட மட்டும் விலகுற கோடு

— இல்லை, நீ இஞ்ச வந்து கண்ணால பார். கோடு பொக்கற்றுக்குள்ள போகுது. நூல் பிடிச்ச மாதிரி நேராப் போகுது. அடிச்சால் பந்து மூலையில முட்டிப்போட்டுத் திரும்பி வருது. ஏன்?

— கையைக் கழுவினனியே அண்ணா? மீன் வெடுக்கோட என்ர லப்ரொப்பைத் தொடாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது.

— சவுக்காரம் போட்டுக் கழுவினனான். கதையை மாத்தாதை சுவேதினி. கோடு நீ எழுதினது. பிழையையும் நீதான் சொல்லோணும்.

— நான் எழுதினதுதான். இந்த ஒன்லைன் பில்லியட்ஸ் விளையாட்டு தன்ர பாட்டில காட்டுற கோடு ஒரு சாண் நீளம். வெள்ளைப் பந்து போற வழியைக் கொஞ்சம் காட்டிப்போட்டு நிண்டுடும். மிச்சத்தை ஆள்தான் யோசிச்சு அடிக்கோணும். என்ர ஸ்கிரிப்ட் அந்தக் கோட்டை எடுத்து, விளிம்பில படவைச்சு, திருப்பி, பொக்கற் மட்டும் கொண்டுபோய்க் காட்டும். பல்கலைக்கழகக் கம்பசில ரெண்டாம் வருசம் படிக்கேக்கை, படிச்ச கேத்திரகணிதம், உந்தக் கோணக் கணக்கெல்லாம், மேசையில சரிவருதோ எண்டு பாக்கத்தான் எழுதினனான். நீ அதை வைச்சு ஊர் முழுக்கத் தோக்கடிச்சுக்கொண்டு திரிவாய் எண்டு ஆர் கண்டது?

— அதெல்லாம் பிறகு கதைப்பம். இப்ப மூண்டு மணி. அஞ்சு மணிக்கு ஆட்டம். அதுக்குள்ள இது ஏன் விலகுதெண்டு எனக்குத் தெரியோணும்.

— சரி, சத்தம் போடாதை. முதல்ல இதைச் சொல்லு. கிட்ட நிக்கிற பந்து விழுதோ?

— கிட்ட எண்டால் விழுது.

— தூரத்தில நிண்டால்?

— அதுதான் விழுகுதில்லை. மேசையின்ர இந்தத் தலையில இருந்து அந்தத் தலைக்கு அடிச்சால் அரைப் பந்து விலகும்.

— அப்ப அது இடப் பிழை இல்லை, கோணப் பிழை. வித்தியாசம் விளங்குதோ? இடப் பிழை எண்டால் கிட்டவும் தூரவும் ஒரே அளவுதான் விலகும். கோணப் பிழை எண்டால் போகப் போக அகலும். நீ கரையில இருந்து வெளிக்கிடேக்கை உன்ர ஜிபிஎஸ் ஒரு மயிரளவு பிசகிக் காட்டினால், ரெண்டு மைலில ஒண்டும் தெரியாது. இருவது மைல் போனால்?

— எல்லை தாண்டினனீ எண்டு அந்தப் பக்கத்து நேவி பிடிச்சு வைச்சிருக்கும்.

— அதேதான். ஸ்கிரீனை இழுத்துக் கிழுத்துப் பெருப்பிச்சனியோ? மேசை நீட்டுப் பக்கம் மட்டும் இழுபட்டால் கோணமெல்லாம் சரிஞ்சுபோகும்.

— நான் ஒண்டையும் தொடேல்ல. நீ போட்டுத் தந்தபடி கிடக்கு.

— அப்ப பயிற்சி மேசையைத் திற. எதிராளி இல்லாமல் தனிய ஒருக்கா அடி. தூரத்துப் பந்தை.

— இந்தா. விழுந்திட்டுது. இன்னொண்டு. அதுவும் விழுந்திட்டுது. விளிம்பில பட்டு வாறது? அதுவும் உள்ளுக்கை.

— பாத்தியே. ஒரு பிழையும் இல்லை.

— அதுதானடி எனக்கு விசர் பிடிக்குது! தனிய அடிச்சால் சரி. நேற்று மீன் இறக்கிப்போட்டு வந்து கூட்டாளி விதுசனோட அடிச்சனான், சரி. கட்டாரில நிக்கிற ஸாஜித்தோட அடிச்சனான், சரி. அவன் எங்கட எருக்கலம்பிட்டிப் பொடியன், லேசுப்பட்ட ஆளில்லை, அவனையே மூண்டு ஆட்டம் துடைச்சு விட்டனான். கபிலனோட எண்டால் மட்டும் விலகுது.

— ம்.

— முதல் ரெண்டு ஆட்டமும் அவனோடயும் சரியாத்தான் இருந்தது. ரெண்டையும் நான் வெண்டனான். மடு மாதா கோயில் திருநாளுக்குப் பிறகுதான் இந்த வியாதி தொடங்கினது. பிறகு நாலு ஆட்டத்தில ஒண்டுதான் தப்பினது. இப்ப மூண்டுக்கு மூண்டு.

— ம்.

— என்ன ம், ம் எண்டுறாய்? வழக்கமா ஒண்டு கேட்டால் ஒம்பது விளக்கம் சொல்லுற ஆள்.

— யோசிக்கிறன். சிக்னலா இருக்கலாம். அடம்பன் ஊரில இருந்து அவன் அடிக்கிறது இஞ்ச வந்து சேரப் பிந்தினால், உன்ர மேசையும் அவன்ர மேசையும் வேற வேற இடத்தில நிக்கும்.

— நான் பள்ளிக்கூடம் குறையில விட்டனான்தான். எண்டாலும் இவ்வளவு மொக்கனில்லை. நான் அடிக்கேக்கை பந்தெல்லாம் அசையாமல் நிக்குது. நிக்கிற பந்துக்கு என்ன பிந்துறது?

— அதுவும் சரிதான்.

— ஸாஜித் கட்டாரில இருந்து விளையாடுறான். அதுக்கே பிந்தாத சிக்னல் அடம்பனில இருந்து பாலம் தாண்டி வரப் பிந்துதோ?

— சரி எண்டு சொல்லிட்டனே.

— அப்ப ஒரே ஒரு விளக்கம்தான். அவன் ஏதோ செய்யிறான். உன்னோட ஒண்டாப் படிச்சவன். அங்க இருந்துகொண்டே என்ர கோட்டைக் கெடுக்கிறான்.

— விசர்க்கதை கதையாதை. அவன் அங்க இருந்து உன்ர ஸ்கிரீனில கை வைக்கேலாது.

— ஏலாதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? அவனுக்கு வக்காலத்து வாங்க எப்ப பாத்தாலும் நிப்பாய்.

— நான் வாங்காமல் ஆர் வாங்குறது? நான் கட்டப்போறவன்.

— அது அஞ்சு மணிக்குத் தெரியும்.

— அண்ணா, பந்தயம் நீ வைச்சது. 'ஏழில நாலு என்னை வெல்லட்டும் உன்ர அடம்பன் மாப்பிள்ளை, அப்பாவிட்டை நானே கதைக்கிறன்' எண்டு நீதான் அவனுக்கு ஃபோனில சொன்னனீ. நான் கேட்டனானே?

— வெல்லமாட்டான் எண்டுதான் வைச்சனான்.

— கள்ளக் கோட்டோட.

— ஓம், கள்ளக் கோட்டோட. பின்ன என்ன? அடம்பனில நெல்லு விதைக்கிற சீவரத்தினத்தாற்றை மகன், திருநீறு பூசின சைவப் பொடியன், அவனைக் கொண்டுபோய் அப்பாவுக்கு முன்னால நிப்பாட்டச் சொல்லுறியே? என்னையும் சேர்த்துப் படலைக்கு வெளியால விடுவார்.

— விடமாட்டார். முழங்கால் ஏலாமல் போனதில இருந்து படகு உன்ர கையில. நீ சொன்னால் கேப்பார். வேற ஆர் சொன்னாலும் கேக்கமாட்டார். அது தெரிஞ்சுதான் கபிலனும் உந்தக் கூத்துக்கு ஓமெண்டவன். பிடிக்கேல்லை எண்டால் ஒரேயடியா ஏலாதெண்டு சொல்லியிருக்கலாமே. ஏன் விளையாட்டு எண்டு சொல்லி ஆசை காட்டினனீ?

— யதுர்சிகாவுக்காக நான் ஆரோட விளையாடினனான்?

— என்ன?

— எனக்கு ஆர் ஏழு ஆட்டம் தந்தது? ஒண்டுகூடத் தரேல்லை. அவளும் சைவம்தான். அப்பா சோத்துக் கோப்பையில இருந்து நிமிராமல் 'வேண்டாம்' எண்டார், முடிஞ்சுது. அவள் இப்ப லண்டனில ரெண்டு பிள்ளையோட நிக்கிறாள். நான் இஞ்ச உனக்குத் தூது போகோணுமோ?

— அதுக்கு என்னில பழி தீர்க்கிறியே?

— தெரியேல்லை. இருக்கலாம்.

— இருக்கலாம் எண்டு நல்லாத்தான் சொல்லுறாய்.

— என்ன உள்ளுக்கை ரெண்டு பேரும் கீரியும் பாம்பும் மாதிரி? தேத்தண்ணியை எடுங்கோ. வெறுந் தேத்தண்ணிதான், பால் மா முடிஞ்சுது.

— வையுங்கோ அம்மா. கை வேலையா நிக்கிறம்.

— ஜெனோ, வாசல்ல உந்தக் கழுதை ரெண்டும் திரும்பவும் வந்து நிக்குது. வேலியில காயப் போட்ட துணியைச் சப்புது. எழும்பிக் கலைச்சு விடன் மகன்.

— கலைக்கிறன், கலைக்கிறன்.

— பிள்ளை, அப்பா உன்னிட்டைச் சொல்லச் சொன்னவர். நாளைக்கு ரெண்டாம் பூசை முடிய அப்பிடியே பேசாலைக்குப் போறமாம். மாப்பிள்ளை எட்வேட் அண்ணற்றை மூத்தவன். கனடா அலுவல் சரிவந்திட்டுதாம்.

— நாளைக்கோ? அம்மா, நான் ஓமெண்டு சொல்லேல்லையே.

— சும்மா பாக்கத்தானே போறம். பாத்தால் தேஞ்சே போவாய்? அந்த நீலச் சீலையை இப்பவே அயன் பண்ணி வை. உந்தக் காத்துக்குக் கரண்ட் எப்ப நிக்குமெண்டு சொல்லேலாது.

— அம்மா…

— எல்லாம் மாதா வடிவா நடத்தி வைப்பா. நான் செபமாலைக்குப் போறன். தேத்தண்ணி ஆறப் போகுது.

— அம்மா போயிட்டா. கேட்டியே அண்ணா? நாளைக்கு.

— கேட்டனான்.

— அப்ப இண்டைக்கு அஞ்சு மணியை விட்டால் எனக்கு வேற மணி இல்லை.

— நான் ஆட்டத்தை நிப்பாட்டப் போறன்.

— என்ன சொல்லுறாய்?

— கோட்டைக் கெடுக்கிறவனோட எனக்கு என்ன ஆட்டம்? களவெடுத்துத்தான் வெண்டவன் எண்டு அவனுக்குச் சொல்லுவன். அப்பாவுக்கும் சொல்லுவன். ஒரு கள்ளப் பொடியன் எங்கட பெட்டையில கண் வைச்சிருக்கிறான் எண்டு.

— கடவுளே! ஆர் ஆரைக் கள்ளன் எண்டுறது! அவன் கோடு கீடு ஒண்டும் இல்லாமல் வெறுங் கையால விளையாடுறவன். எனக்குச் சத்தியம் பண்ணினவன். மடுவில வைச்சு.

— மடுவிலயோ? அவனோ?

— ஏன், சைவ ஆக்கள் மடுவுக்கு வாறேல்லையே? திருநாளுக்கு வந்தவன். மாதாவின்ர சுருவத்துக்கு முன்னால நிண்டு, 'உன்ர அண்ணா கோட்டோட விளையாடுறார் எண்டு தெரியும். விளையாடட்டும். நான் தொடமாட்டன். உன்னைக் களவில வெல்லுறதிலும் பாக்க நேர்மையாத் தோக்கிறது மேல்' எண்டு சொன்னவன். அவன் அப்பிடிச் சொன்னதாலதான் நான்…

— நீ என்ன?

— ஒண்டுமில்லை. அதால அவனை நம்பிறன் எண்டு சொல்ல வந்தனான்.

— உன்ர நம்பிக்கை எனக்கு எதுக்கு? நிரூபி. அவன் சுத்தமா விளையாடினவன் எண்டு காட்டு. காட்டினால் அஞ்சு மணிக்கு இருக்கிறன். இல்லாட்டி இப்பவே அவனுக்கு ஃபோன் எடுக்கிறன்.

— காட்டினால் விளையாடுவாய்?

— விளையாடுவன்.

— அப்ப தள்ளி இரு. லப்ரொப்பைத் தா. இந்த ஸ்கிரிப்ட் கோடு கீறுறதோட நிக்கேல்லை அண்ணா. ஒவ்வொரு அடிக்கும் எந்தப் பந்து எங்க நிண்டது, எங்க போய்ச் சேர்ந்தது எண்டு ஒரு கோப்பில எழுதி வைக்கும். உன்ர அடியும் இருக்கு, எதிராளியின்ர அடியும் இருக்கு.

— இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே?

— நீ கேக்கவே இல்லையே. இந்தா, ஆறு ஆட்டமும் கிடக்கு. கையால அடிக்கிறவன் ஆர், கோட்டைப் பாத்து அடிக்கிறவன் ஆர் எண்டு இதில பளிச்செண்டு தெரியும். எப்பிடித் தெரியுமோ?

— சொல்லு, தொடங்கிட்டாய்.

— கை எண்டால் சிதறும். நீ வீச்சு வலையைப் பத்துத் தரம் ஒரே இடத்தைக் குறி வைச்சு எறி. பத்தும் ஒரே இடத்திலயே விழும்? ஒண்டு இந்தப் பக்கம், ஒண்டு அந்தப் பக்கம், குறியைச் சுத்தித்தான் விழும். நல்ல கையெண்டால் கிட்டக் கிட்ட விழும், கூடாத கையெண்டால் அகல விழும். ஆனால் சிதறும். கோடு சிதறாது. கோடு சரியெண்டால் எல்லா அடியும் சரி. கோடு பிழையெண்டால் எல்லா அடியும் ஒரே பக்கம், ஒரே கணக்கில பிழை. ஒரு மனுசனால ஒரே பிழையை ஒரே அளவில திருப்பித் திருப்பி விடவே ஏலாது. அதுக்கு மிசின் வேணும்.

— நல்லது. அப்ப என்ரையை முதல் பார்.

— உன்ரையைப் பாத்து என்ன செய்ய? நீ கோட்டாலதான் அடிக்கிறாய் எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். அவன்ரையைப் பாப்பம். இதில விளிம்பில படாத நேர் அடி முப்பத்தொண்டு. பாரன், இருவத்தொம்பது உள்ளுக்கை.

— அது கையோ?

— கெட்டிக்காரக் கை. பொறுமைசாலி அவன். கம்பசில கரம்போட் விளையாடேக்கையும் ஒரு காய்க்கு அஞ்சு நிமிசம் எடுப்பான். மற்றப் பொடியளெல்லாம் கத்துவாங்கள்.

— சிரிக்கிறாய் என்ன? விளிம்பில பட்டு வாற அடியைப் பார். அதில அவன் ஒரு ஆளே இல்லை. நான் பாத்துக்கொண்டு இருந்தனான், ஒண்டும் விழாது.

— அதுதானே நான் சொல்லுறன். கோடு வைச்சிருந்தால் ஏன் அதில விடுறான்? அதுவே பெரிய சாட்சி. இந்தா, விளிம்பு அடி மட்டும் எடுக்கிறன். பதினெட்டு. பதினெட்டில ரெண்டு விழுந்திருக்கு. மிச்சம் பதினாறும் எந்தப் பக்கம் போனதெண்டு பாத்தால் சிதறி…

— என்ன?

— கொஞ்சம் பொறு.

— என்னடி?

— எல்லாம் கிட்ட விழுந்திருக்கு.

— கிட்ட எண்டால்?

— போகவேண்டின இடத்துக்கு முன்னமே. பதினாறும். ஒண்டுகூடத் தாண்டிப் போகேல்லை.

— சிதறும் எண்டனீ.

— பொறு அண்ணா. பாதிச் சரிவில வந்தது எல்லாம் சரியா ஒரு பந்து அகலம் கிட்ட. சரிவு கூடினது இன்னும் கூடக் கிட்ட. நெட்டுக்கு, சரிவே இல்லாமல் வந்தது பிழை இல்லாத மாதிரி, அந்த ரெண்டும்தான் விழுந்திருக்கு.

— எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.

— நீ படகைத் துறையில அணைக்கேக்கை படகின்ர நடுவோ துறையில முட்டுறது?

— இல்லை. பக்கம்தான் முட்டும்.

— பந்தும் அப்பிடித்தான். பந்தை ஒரு புள்ளி எண்டு நினைச்சு ஸ்கிரிப்ட் எழுதினால், கோடு விளிம்பு மட்டும் போய்த்தான் திரும்பும். ஆனால் பந்துக்கு உடம்பு இருக்கு. அதின்ர பக்கம் விளிம்பில முட்டேக்கை, அதின்ர நடு இன்னும் அரைப் பந்து உள்ளுக்கைதான் நிக்கும். அதால அது கோடு காட்டின இடத்துக்கு முன்னமே திரும்பிடும். கோட்டை நம்பி அடிச்சால் எப்பவும் கிட்டத்தான் விழும். சரிவு கூடக் கூடப் பிழையும் கூடும். இதைத் திருத்த விளிம்பையே அரைப் பந்து உள்ளுக்குத் தள்ளி வைச்சுக் கணக்குப் பாக்கோணும்.

— நீ தந்ததில அப்பிடித்தானே இருக்கு?

— உனக்குத் தந்ததில இருக்கு. இந்தப் பங்குனியில திருத்தினனான். அதுக்கு முந்தி நான் எழுதின முதலாவது ஸ்கிரிப்டில இந்தப் பிழை அப்பிடியே இருந்தது.

— அப்ப இவன்…

— இல்லை. அவசரப்படாதை. இது ஆரும் விடுற பிழை. முதன்முதலா எழுதுற எல்லாரும் பந்தைப் புள்ளியாத்தான் நினைப்பினம். நெற்றில இப்பிடி நூறு கிடக்கும்.

— நெற்றில எடுத்தாலும் களவுதானே?

— பொறு எண்டு சொன்னனான்! இன்னொண்டு பாக்கோணும்.

— சரி, பார். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் பார்.

— எனக்கு வேண்டாம். மேல் நடுப் பொக்கற். அதைப் பாக்கோணும்.

— அதில என்ன இருக்கு?

— மேசையில ஆறு பொக்கற். ஒவ்வொண்டும் எங்க இருக்கெண்டு ஸ்கிரிப்டுக்கு நாங்கள்தான் இலக்கம் குடுக்கோணும். நான் ஸ்கிரீனில ஒவ்வொண்டா அளந்து கையால அடிச்சனான். மேல் நடுப் பொக்கற்றுக்கு நானூற்றி இருவத்தொண்டு எண்டு அடிக்கோணும். நான் நானூற்றிப் பன்ரண்டு எண்டு அடிச்சிட்டன். ரெண்டும் ஒண்டும் இடம் மாறிப்போச்சு. ஒம்பது புள்ளி இடப்பக்கம். பொக்கற்றின்ர வாய் அகலம் எண்டதால பந்து அந்த ஓரத்தில உரசிக்கொண்டு விழும், அதால கனகாலம் எனக்குத் தெரியேல்லை. திருத்தேக்கைதான் கண்டனான்.

— அதுவும் ஆரும் விடக்கூடிய பிழைதானே?

— இல்லை அண்ணா. மற்றது கணக்கில வாற பிழை. கணக்கு எல்லாருக்கும் ஒண்டு. இது என்ர விரலில வந்த பிழை. அந்த நானூற்றிப் பன்ரண்டு உலகத்தில வேற ஒருத்தற்றை ஸ்கிரிப்டிலயும் இருக்காது.

— அப்ப பார்.

— பாக்கிறன்.

— என்ன வருது?

— பதினொரு தரம் அந்தப் பொக்கற்றுக்கு அடிச்சிருக்கிறான்.

— ஓம்.

— பதினொண்டும் நானூற்றிப் பன்ரண்டில.

— சுவே…

— ஒண்டுகூட நானூற்றிப் பதின்மூண்டில இல்லை.

— அந்த முதல் ஸ்கிரிப்ட் ஆரிட்டை இருந்தது?

— இதிலயும், என்ர பென்ட்ரைவிலயும். கடைசி வருசப் புறொஜெக்ற்றுக்குப் படங்கள் வேணுமெண்டு பென்ட்ரைவை ரெண்டு நாள் வாங்கி வைச்சிருந்தவன். திருப்பித் தரேக்கை ஒரு சொக்லேற்றும் சேர்த்துத் தந்தவன்.

— நெல்லுக்காரன் நல்லாத்தான் அறுத்திருக்கிறான்.

— கேட்டிருந்தால் குடுத்திருப்பன். அண்ணா, மெய்யாக் குடுத்திருப்பன். அண்ணாவோட சமனா விளையாட எனக்கும் ஒண்டு தா எண்டு கேட்டிருந்தால், திருத்தினதையே குடுத்திருப்பன். சிரிச்சிருப்பன்கூட. ஆர் அவனை மடுவில போய் நிண்டு சத்தியம் பண்ணச் சொன்னது?

— நீ அவனிட்டைக் கேட்டனியே?

— நான் கேக்கேல்லை. தானாச் சொன்னவன். கண்ணில தண்ணியோட சொன்னவன். அண்டைக்கு இது அவன்ர லப்ரொப்பில கிடந்திருக்கு. முதலாவது ஆட்டத்திலயே நானூற்றிப் பன்ரண்டு வருது, பார்.

— எனக்குப் பாக்கத் தேவையில்லை. நீ சொன்னால் சரி.

— ஏன் சிரிக்கேல்லை நீ? சிரியன். நீ சொன்னதுதானே சரி. கள்ளன் எண்டு நீதானே சொன்னனீ.

— சிரிப்பு வரேல்லை.

— நீயும் கள்ளன்தான்.

— ஓம். ஆனால் நான் உனக்கு ஒரு சத்தியமும் பண்ணேல்லையே.

— ரெண்டு பேரும் நான் எழுதினதை வைச்சுக்கொண்டு, நான் ஆர் வீட்டுக்குப் போறதெண்டு அடிச்சுப் பாத்திருக்கிறீங்கள். ஆறு கிழமையா. நான் இஞ்ச இருந்து மூண்டுக்கு ரெண்டு, மூண்டுக்கு மூண்டு எண்டு விரல் மடிச்சு எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறன்.

— இஞ்ச பார், என்னைப் பார். உனக்கு அவன் வேணுமெண்டால் சொல்லு.

— என்ன?

— களவெடுத்தவனோ என்னவோ. பயத்தில செய்திருப்பான். உன்னை விட்டிடுவனோ எண்டு பயந்து செய்திருப்பான். உனக்கு அவன்தான் எண்டால் அஞ்சு மணிக்கு நான் வேணுமெண்டு பிழையா அடிக்கிறன். தோக்கிறன். அப்பா கரையில மீன் வாடியில இருந்து வந்தோடன நானே கதைக்கிறன்.

— இப்ப என்ன திடீரெண்டு பாசம்?

— நாளைக்கு நீ அந்த நீலச் சீலையோட கதிரையில குனிஞ்சுகொண்டு இருப்பாய். நான் கதவடியில நிண்டு அதைப் பாக்கோணும். யதுர்சிகாவைப் பாக்க வந்த அண்டைக்கு நான் அந்த ஒழுங்கையால மூண்டு தரம் சைக்கிளில போனனான். வான் ஒண்டு வாசலில நிண்டது. அதைத்தான் கண்டனான். வேற ஒண்டும் செய்யேல்லை. இந்த முறையாவது ஏதாவது செய்வம் எண்டு பாக்கிறன்.

— இதை ஆறு ஆட்டத்துக்கு முந்திச் சொல்லியிருக்கலாம்.

— ஓம்.

— அப்ப சொல்லியிருந்தால் இந்தக் கோப்பை நான் திறந்தே இருக்கமாட்டன். ஒண்டும் தெரியாமல் கலியாணம் கட்டிச் சந்தோசமா இருந்திருப்பன்.

— இப்பவும் ஏலும். தெரியாத மாதிரி இரு. எத்தினை பேர் இருக்கினம்.

— என்னால ஏலாது. அவன் வாய் திறந்து ஏதும் சொன்னால் அந்த இலக்கம்தான் எனக்குத் தெரியும். மீன் குழம்பு நல்லாயிருக்கு எண்டாலும் அதுதான் தெரியும்.

— அப்ப ஆட்டத்தை விடுவம். இப்பவே அவனுக்கு எடுத்து முகத்துக்கு நேர கேக்கிறன்.

— வேண்டாம். ஒண்டும் கேக்காதை. விளையாடு.

— விளையாடி?

— வெல்லு. கள்ளம் பிடிபட்டுது எண்டு சொன்னால் அழுவான், நூறு விளக்கம் சொல்லுவான். நான் திரும்பவும் நம்பிப்போடுவன், என்னை எனக்குத் தெரியும். மேசையில தோத்துப் போகட்டும். அதோட முடியட்டும்.

— முடிஞ்சால் நாளைக்குப் பேசாலைக்குப் போறியோ?

— போகமாட்டன். அதை அப்பாவிட்டை நானே சொல்லுறன். நீ கதவடியிலயும் நிக்கத் தேவையில்லை. எனக்காக இனி ஒருத்தரும் பந்து அடிக்கவும் வேண்டாம், தூது போகவும் வேண்டாம்.

— அப்பா கையோங்குவார்.

— ஓங்கட்டும்.

— சரி. வெல்லு எண்டு சொல்லிட்டாய். எப்பிடி வெல்லுறது? உந்தக் கோடு அவனோட எண்டால் விலகுதே. அதைத்தானே மூண்டு மணியில இருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறன். அவன்தான் அங்க இருந்து கெடுக்கிறானோ?

— அவன் இல்லை. அவ்வளவு தெரிஞ்சிருந்தால் தன்ர பிழையையே திருத்தியிருப்பான்.

— அப்ப ஆர்?

— லப்ரொப்பை உன்ர பக்கம் திருப்பு. ஸ்கிரிப்டைத் திறந்து நூற்றிப் பதினெட்டாவது வரிக்குப் போ. எதிராளியின்ர பேர் கபிலன் எண்டால் கோட்டை அரைப் பாகை திருப்பிக் காட்டு எண்டு, மடுவால வந்த அண்டைக்கு நான்தான் எழுதினனான். அந்த ஒரு வரியை அழிச்சிட்டுச் சேமி. கோடு விலகாது.